நம்பினார்கள், ஆனாலும் மறுத்தார்கள்: ஆர்-ஏ வழக்கின் 14 ஆண்டுகள்

1999 ஜூன் 11 அன்று அமெரிக்கக் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் வெளியிட்ட ஒரு தீர்ப்பின் முதல் பக்கங்களைப் படிப்பவர்கள், அந்தப் பெண் வென்றுவிட்டார் என்றே நினைப்பார்கள். குவாத்தமாலாவிலிருந்து தப்பிவந்த அவர் சொன்னதையெல்லாம் வாரியம் நம்பியது. அவர் பட்ட அடிகளை ஒவ்வொன்றாகப் பதிவுசெய்தது. கணவனின் நடத்தை எவ்வளவு கொடியது என்று விவரிக்கத் தடுமாறுவதாகவும் எழுதியது. சொந்த நாட்டு அரசிடம் அவருக்குப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை என்பதையும் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு, 10 பேருக்கு 5 பேர் என்ற பெரும்பான்மையில், அவருக்குப் புகலிடம் இல்லை என்று முடித்தது.

புகலிடம் கேட்கும் பெண்களின் இடர்களைப் பேசும்போது, அதிகாரிகள் அவர்களை நம்புவதில்லை என்பதுதான் முதலில் சொல்லப்படும். அது உண்மை. எத்தனையோ கோரிக்கைகள் அங்கேயே விழுந்துவிடுகின்றன. நம்பிக்கை கிடைத்த பிறகும் வழியை மறித்து நிற்கும் இன்னொரு தடை இருக்கிறது. 'அவன் உன்னை எதற்காக அடித்தான்?' என்ற கேள்விதான் அது. சட்டக் கோப்புகளில் ஆர்-ஏ என்ற முதலெழுத்துகளால் குறிக்கப்படும் இந்தப் பெண்ணின் வழக்கு 14 ஆண்டுகள் அந்தக் கேள்வியில் சிக்கிக் கிடந்தது. அந்தக் கேள்வியைத் தவறான ஆளிடம் கேட்டார்கள் என்பது என் உறுதியான கருத்து.

வீடு, காவல் நிலையம், நீதிமன்றம்

ஆர்-ஏவுக்கு 16 வயதில் திருமணமானது. கணவனுக்கு அப்போது 21 வயது. அவன் ராணுவத்தில் இருந்தவன். அந்தக் காலத்துக் குவாத்தமாலாவில் இந்தப் பின்னணி சாதாரணமானதல்ல. 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் சுமார் 2 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள் என்று போருக்குப் பின் ஐ.நா. ஆதரவுடன் அமைந்த உண்மை ஆணையம் மதிப்பிட்டது. அத்துமீறல்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அரசுப் படைகளையும் அவற்றோடு சேர்ந்த ஆயுதக் குழுக்களையுமே அது பொறுப்பாக்கியது. போலீசை அழைத்துப் பயனில்லை, அங்கே இருப்பவர்களை எனக்குத் தெரியும் என்று அப்படிப்பட்ட ஒருவன் மனைவியிடம் சொன்னால், அது வெறும் மிரட்டல் இல்லை, நாட்டு நிலவரம்.

மாதவிடாய் 15 நாள் தள்ளிப்போனதற்காக அவர் தாடை இடம்பிசகும்படி அடித்தான். கருவைக் கலைக்க மறுத்தபோது முதுகெலும்பில் உதைத்தான். அவர் தலையைக் கொண்டே ஜன்னலையும் கண்ணாடியையும் உடைத்தான். மின்கம்பியால் விளாசினான், வெட்டுக்கத்தியைக் காட்டி மிரட்டினான், பலமுறை பாலியல் வன்கொடுமை செய்தான். வீடு, தெரு, பஸ் என்று இடம் பார்த்ததில்லை; தோன்றியபோதெல்லாம் கை ஓங்கினான். விட்டுப் போனால் தேடிப் பிடித்து, கைகால்களை வெட்டிச் சக்கர நாற்காலியில் உட்கார வைப்பேன் என்றான்.

அவர் சும்மா இருந்துவிடவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட வழக்குகளில் 'ஏன் முன்பே போகவில்லை' என்ற கேள்வி யாராவது ஒருவர் வாயிலிருந்து வந்துவிடும். அவர் உறவினர் வீடுகளுக்கு ஓடினார், கணவன் கண்டுபிடித்தான். பிள்ளைகளுடன் தலைநகருக்குப் போய் ஒளிந்தார். அங்கேயும் வந்து நினைவு தப்பும்வரை அடித்தான். போலீசுக்குச் சொன்னார். கணவனுக்கு மூன்று முறை அழைப்பாணை போனது. அவன் ஒன்றுக்கும் ஆஜராகவில்லை, போலீஸ் மேற்கொண்டு எதுவும் செய்யவில்லை. அவர் போலீசை அழைத்தும் யாரும் வராத சந்தர்ப்பங்களும் உண்டு. நீதிபதியிடம் போனபோது, குடும்பச் சண்டையில் தலையிட மாட்டேன் என்ற பதிலே கிடைத்தது. புருஷன் பெண்டாட்டி விவகாரம், வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பும் காவல் நிலையங்களை நம்மில் பலரும் அறிவோம். அங்கே சட்டப் புத்தகமே அந்தப் போக்குக்குத் துணை நின்றது. குடும்பத்தின் சட்டப் பிரதிநிதி கணவன் என்றும், மனைவி வெளியே வேலைக்குப் போவதை அவன் எதிர்க்கலாம் என்றும் குவாத்தமாலாவின் உரிமையியல் சட்டம் 1990களின் பிற்பகுதிவரை சொல்லிக்கொண்டிருந்தது.

1995 மே மாதம் இரண்டு பிள்ளைகளையும் உறவினரிடம் விட்டுவிட்டு, டெக்சாஸ் மாநிலத்தின் பிரவுன்ஸ்வில் வழியாக அவர் அமெரிக்காவுக்குள் வந்தார்.

ஐந்து காரணங்கள்

அகதிகள் குறித்த 1951 ஜெனீவா உடன்படிக்கை, துன்புறுத்தலுக்கு அஞ்சுகிறார் என்பதை மட்டும் வைத்து ஒருவரை அகதியாக ஏற்பதில்லை. அந்தத் துன்புறுத்தல் இனம், மதம், தேசிய இனம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழுவின் உறுப்பினராக இருத்தல் ஆகிய ஐந்தில் ஒன்றின் பேரில் நடக்க வேண்டும். அமெரிக்காவின் 1980 அகதிகள் சட்டமும் இதே ஐந்தைத்தான் எடுத்துக்கொண்டது. பாலினம் இதில் இல்லை. உடன்படிக்கையை வரைந்த மாநாட்டில், பாகுபாடு கூடாது என்ற பிரிவில் பாலினத்தைச் சேர்க்க ஒரு யோசனை வந்தபோது, பாலினத்தின் பேரில் துன்புறுத்தல் நடக்குமா என்பதே சந்தேகம் என்று அன்றைய ஐ.நா. அகதிகள் உயர் ஆணையரே கருத்துச் சொன்னார். ஐரோப்பியப் போரின் அகதிகளை மனதில் வைத்து எழுதப்பட்ட ஆவணம் அது. அரசியல் கைதி, தப்பியோடும் பத்திரிகையாளர், ஒடுக்கப்பட்ட மதத்தவர் ஆகியோரின் முகங்கள் அதை எழுதியவர்களுக்குத் தெரிந்தன. வீட்டுக்குள் அடிபடுபவரின் முகம் தெரியவில்லை.

எனவே பெண்களுக்கு எஞ்சிய கதவு 'குறிப்பிட்ட சமூகக் குழு' ஒன்றுதான். அந்தக் கதவு அமெரிக்காவில் முதலில் நன்றாகவே திறந்திருந்தது. 1985இல் அகோஸ்டா என்ற வழக்கில் இதே மேல்முறையீட்டு வாரியம் ஒரு விளக்கம் தந்தது. மாற்றிக்கொள்ள முடியாத, அல்லது மாற்றிக்கொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாத ஒரு பொதுப் பண்பால் பிணைக்கப்பட்டவர்கள் ஒரு குழு ஆவார்கள் என்றது. பிறவிப் பண்புகளுக்கு அது தந்த உதாரணங்களில் முதலாவது பாலினம். அடுத்துதான் நிறமும் உறவுமுறையும். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வந்த குழப்பங்கள் எவ்வளவு தேவையற்றவை என்று புரியும்.

1993இல் கனடா, பெண் புகலிடக் கோரிக்கையாளர்களின் வழக்குகளை எப்படி விசாரிப்பது என்று உலகிலேயே முதன்முறையாக ஒரு தேசிய வழிகாட்டுதலை வெளியிட்டது. ஆர்-ஏ எல்லையைத் தாண்டிய அதே 1995 மே மாதத்தில் அமெரிக்கக் குடிவரவுத் துறையும் தன் அதிகாரிகளுக்கு ஒரு வழிகாட்டுதல் தந்தது. 1996 ஜூனில், பெண்ணுறுப்புச் சிதைப்புக்கு அஞ்சி டோகோ நாட்டிலிருந்து ஓடிவந்து, அமெரிக்கக் காவலில் ஓர் ஆண்டுக்கு மேல் அடைபட்டிருந்த ஓர் இளம்பெண்ணுக்கு அதே வாரியம் புகலிடம் தந்தது. காசிங்கா வழக்கு என்ற பெயரில் அது எல்லா நீதிபதிகளையும் கட்டுப்படுத்தும் முன்தீர்ப்பானது. மூன்று மாதம் கழித்து, செப்டம்பரில், சான் பிரான்சிஸ்கோ குடிவரவு நீதிபதி ஒருவர் ஆர்-ஏவுக்குப் புகலிடம் வழங்கினார். காலம் கனிந்துவிட்டது என்றே பலரும் எண்ணியிருப்பார்கள். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது.

கணவனின் மனதைத் தேடிய தீர்ப்பு

'ஆணின் ஆதிக்கத்தின் கீழ் பெண் வாழ வேண்டும் என்று நம்பும் குவாத்தமாலா ஆண்களோடு நெருங்கிய உறவில் இருந்த குவாத்தமாலாப் பெண்கள்' என்ற குழுவைக் கீழ் நீதிபதி ஏற்றிருந்தார். இப்படி ஒரு குழு அந்தச் சமூகத்தில் ஒரு தனிப் பிரிவாக உணரப்படுவதற்கு ஆதாரம் இல்லை என்றது வாரியம். அகோஸ்டா வழக்கில் இல்லாத நிபந்தனை இது.

அதைவிடப் பெரிய சிக்கல் அடுத்த காரணத்தில் இருந்தது. கணவன் வேறு எந்தப் பெண்ணையும் அடிக்கவில்லை. ஆகவே இவர் தன் மனைவி என்பதால் அடித்தானே தவிர, ஒரு குழுவைச் சேர்ந்தவர் என்பதால் அடிக்கவில்லை என்று வாரியம் வாதித்தது. ஆண் ஆதிக்கத்தை எதிர்க்கும் அரசியல் கருத்து உடையவர் என்பதால் துன்புறுத்தினான் என்ற வாதமும் தள்ளுபடியானது. மனைவி என்ன நினைக்கிறார் என்று அவன் கவனித்ததாகவே தெரியவில்லை, எதைச் செய்தாலும் அடித்திருப்பான் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இந்தத் தர்க்கத்தை நிதானமாகப் பாருங்கள். எந்தக் காரணமும் தேவைப்படாமல் ஒருவன் ஒருத்தியை அடிக்க முடிந்தது என்பதே அவள் நிலையின் உச்சக் கொடுமை. அதையே காரணம் இல்லாத வன்முறை என்று பெயரிட்டு, அகதிச் சட்டத்துக்கு வெளியே வைத்துவிட்டார்கள். தெருவில் போகும் பெண்ணை அவன் அடித்திருந்தால் அவனைத் தடுத்திருப்பார்கள். மனைவியை அடித்தபோது யாரும் தடுக்கவில்லை. வேறு பெண்களை அவன் தொடவில்லை என்பது, மனைவி என்ற இடத்தில் இருந்த பெண்ணுக்கு நாட்டில் காவல் இல்லை என்பதற்குத்தான் சான்று. மாறுபட்ட ஐந்து உறுப்பினர்கள் இதைப் பார்த்தார்கள். கணவனின் சொற்களே அவன் நோக்கத்தைச் சொல்கின்றன, அடக்கியாளும் அந்த நோக்கமும் அதைக் கண்டுகொள்ளாத அரசும் சேர்ந்ததுதான் இந்தத் துன்புறுத்தல், காசிங்கா வழக்கிலிருந்து இதைப் பிரித்துப் பார்க்க முடியாது என்று எழுதினார்கள்.

அதே 1999இல் லண்டனில்

வாரியத்தின் தீர்ப்புக்குச் சில வாரங்கள் முன்னர், மார்ச் 25 அன்று, அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை கிட்டத்தட்ட இதே கேள்வியைத் தீர்த்திருந்தது. கணவர்களால் வீட்டைவிட்டு விரட்டப்பட்டு, நடத்தை தவறியதாகக் குற்றம் சாட்டப்பட்ட இரு பாகிஸ்தானியப் பெண்களின் வழக்கு அது. சட்டக் கல்லூரிகளில் அந்தப் பெண்களின் பெயர்களால் இஸ்லாம், ஷா வழக்கு என்று படிக்கப்படுகிறது. 'பாகிஸ்தானில் உள்ள பெண்கள்' என்பதே ஒரு குறிப்பிட்ட சமூகக் குழு என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். குழுவுக்குப் பல அடைமொழிகள் கோக்கத் தேவையில்லை. அந்த நாட்டில் பெண்களுக்குச் சட்டத்திலும் நடைமுறையிலும் சம பாதுகாப்பு மறுக்கப்படுகிறது என்பதே போதும்.

அந்த நீதிபதிகளில் ஒருவரான ஹாஃப்மன் பிரபு அங்கே ஓர் உதாரணம் தந்தார். நாஜி ஆட்சியின் தொடக்க காலத்தில் ஒரு யூதக் கடைக்காரரை, போட்டிக் கடைக்காரர் ஏவிவிட்ட கும்பல் தாக்குகிறது. தாக்கியவனின் நோக்கம் வியாபாரப் போட்டியாக இருக்கலாம், பழைய தனிப்பட்ட பகையாக இருக்கலாம். ஆனால் அதிகாரிகள் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று தெரிந்திராவிட்டால் அவன் தாக்கியிருக்க மாட்டான். அதிகாரிகள் ஏன் கண்டுகொள்ளவில்லை? அவர் யூதர் என்பதால். அப்படியானால் அவர் யூதர் என்பதால்தான் துன்புறுத்தப்பட்டார். கடும் தீங்கும் அரசுப் பாதுகாப்பின் தோல்வியும் சேர்ந்ததே துன்புறுத்தல் என்ற வரையறையை அவர் ஏற்றுக்கொண்டார். இரண்டில் ஏதாவது ஒன்றுக்கு ஐந்து காரணங்களில் ஒன்றோடு தொடர்பு இருந்தால் போதும்.

'எதற்காக' என்ற கேள்வியைக் கணவனிடம் மட்டும் கேட்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். அந்தக் கேள்வியை அழைப்பாணையோடு நின்றுவிட்ட போலீசிடமும் கேட்க வேண்டும். தலையிட மாட்டேன் என்ற நீதிபதியிடமும் கேட்க வேண்டும். குவாத்தமாலா அரசு ஏன் கை கட்டி நின்றது என்று வாரியம் கேட்டிருந்தால், விடை அதன் கோப்பிலேயே இருந்தது.

காத்திருப்பு

2000 டிசம்பரில் அமெரிக்க நீதித்துறை, குடும்ப வன்முறை வழக்குகளுக்கும் வழிவிடும் புதிய விதிகளை முன்மொழிந்தது. 2001 ஜனவரி 19 அன்று, பதவியை விட்டுப் போகும் வேளையில், வாரியமும் அடங்கிய நீதித்துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரல் ஜேனட் ரீனோ 1999 தீர்ப்பை ரத்துசெய்து, அந்த விதிகள் இறுதியான பின் மறுபடி தீர்மானிக்கும்படி வாரியத்துக்குத் திருப்பி அனுப்பினார். விதிகள் இறுதியாகவே இல்லை. 2003இல் அவருக்குப் பின் வந்த ஜான் ஆஷ்கிராஃப்ட் வழக்கைத் தன் மேசைக்கு இழுத்தார். 2004 பிப்ரவரியில் எவரும் எதிர்பாராத ஒரு திருப்பம் வந்தது: ஆர்-ஏவை நாடுகடத்த வாதாட வேண்டிய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே, இவருக்குப் புகலிடம் தரலாம் என்று எழுத்துமூலம் சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பு என்று ஒன்று இல்லாமல் போன பிறகும் வழக்கு முடியவில்லை. 2005 ஜனவரியில் ஆஷ்கிராஃப்ட் எதையும் தீர்மானிக்காமல், அதே வராத விதிகளுக்காகக் காத்திருக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார். 2008இல் அட்டர்னி ஜெனரலாக இருந்த மைக்கேல் முகேசி அந்த முட்டுக்கட்டையை நீக்கினார். 2009 டிசம்பர் 10 அன்று, ஒரு குடிவரவு நீதிபதி சுருக்கமான உத்தரவில் புகலிடத்தை வழங்கினார்.

அந்த 14 ஆண்டுகளில் குவாத்தமாலாவில் விட்டுவந்த பிள்ளைகள் தாயில்லாமல் வளர்ந்து பெரியவர்களானார்கள். புகலிடம் உறுதியாகாதவரை அவர்களை அழைத்துவர வழி இல்லை. போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வழி இல்லை. பாலினம் சார்ந்த புகலிட வழக்குகளில் தாமதத்தை ஒரு நிர்வாகக் குறையாக எழுதிவிட்டுக் கடந்துபோகிறார்கள். பிள்ளைகளை விட்டு ஓடிவந்த தாய்க்குத் தாமதம் என்பது இரண்டாவது தண்டனை. இவ்வளவுக்கும் இவருக்கு கேரன் முசாலோ போன்ற தேர்ந்த வழக்குரைஞர் கிடைத்தார். காசிங்கா வழக்கையும் வாதாடியவர் அவர். 1999இல் பாலினம், அகதிகள் குறித்த ஆய்வு மையம் ஒன்றை சான் பிரான்சிஸ்கோவில் நிறுவியவர். அமெரிக்கக் குடிவரவு நீதிமன்றத்தில் அரசுச் செலவில் வழக்குரைஞர் பெறும் உரிமை கிடையாது. ஆங்கிலம் தெரியாமல், காவலில் இருந்தபடி, தனியாகத் தன் வழக்கைத் தானே சொல்லும் பெண்ணுக்குச் 'சமூகக் குழு'வை வரையறுத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

ஆர்-ஏ வந்த அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் இன்னொரு வேலியும் போட்டது. நாட்டுக்குள் வந்த ஓர் ஆண்டுக்குள் புகலிடம் கேட்டுவிட வேண்டும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண், அதைத் தன் தாயிடமே சொல்லத் தயங்குபவர், சீருடை அணிந்த அந்நிய ஆணிடம், தன் ஊர்க்காரரான ஆண் மொழிபெயர்ப்பாளர் வழியாக, வந்த முதல் நாளிலேயே சொல்லிவிடுவார் என்று எதிர்பார்ப்பது மனித இயல்பைப் புரிந்துகொள்ளாத எதிர்பார்ப்பு. பிறகு சொன்னால், முதலில் ஏன் சொல்லவில்லை, இது புதிதாகச் சேர்த்த கதை என்கிறார்கள். கணவனின் கோரிக்கைக்குள் ஒரு பெயராக மட்டும் பதிவான மனைவிக்குத் தனி விசாரணை நடக்காமலே போவதும் உண்டு. போரில் இருந்து தப்பி வெளிநாடு போன நம் குடும்பங்களிலும், கணவர் சொன்ன வரலாறே மனைவியின் வரலாறாகப் பதிவானது அரிதல்ல.

வாய்பாட்டின் விலை

ஆர்-ஏவின் வெற்றி ஒரு முன்தீர்ப்பாகவில்லை. கீழ் நீதிபதியின் உத்தரவு மற்ற நீதிபதிகளைக் கட்டுப்படுத்தாது. 2014 ஆகஸ்டில்தான், ஏ-ஆர்-சி-ஜி என்ற இன்னொரு குவாத்தமாலாப் பெண்ணின் வழக்கில், குடும்ப வன்முறையும் புகலிடத்துக்கு அடிப்படையாகலாம் என்று வாரியம் வெளிப்படையாக ஏற்றது. அங்கே பயன்பட்ட குழு, 'உறவைவிட்டு வெளியேற முடியாத, திருமணமான குவாத்தமாலாப் பெண்கள்'. 2004இல் அரசுத் தரப்பு எழுதித் தந்த வாய்பாடு அது.

அந்த வெற்றியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எத்தனையோ பெண்கள் அதனால் உயிர் பிழைத்தார்கள். ஆனால் இது ஒரு குறுகிய வாசல். திருமணப் பதிவு இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தவர் வெளியே நின்றார். விவாகரத்து வாங்கியவரிடம், நீதான் உறவைவிட்டு வெளியேறிவிட்டாயே என்று கேட்க முடிந்தது. தந்தையாலோ சகோதரனாலோ துன்புறுத்தப்பட்டவருக்கு வேறொரு வாய்பாடு வேண்டியிருந்தது. 2018 ஜூன் 11 அன்று, ஆர்-ஏ தோற்ற அதே தேதியில், அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் அந்த வாசலையும் அடைத்தார். ஏ-பி என்ற எல் சால்வடோர் பெண்ணின் வழக்கில், தனிநபர்கள் செய்யும் குடும்ப வன்முறை பொதுவாகப் புகலிடத்துக்குத் தகுதி பெறாது என்று எழுதினார். 2021 ஜூனில் அட்டர்னி ஜெனரல் மெரிக் கார்லண்ட் அதை நீக்கினார். 2025இல் நிலைமை மறுபடி தலைகீழானது. பாலினமும் தேசமும் மட்டும் சேர்ந்து ஒரு குழுவை வரையறுக்கப் போதாது என்று ஜூலையில் வாரியம் சொன்னது. செப்டம்பரில் அட்டர்னி ஜெனரல் பாம் போண்டி, செஷன்ஸின் தீர்ப்புக்கு மீண்டும் உயிர் கொடுத்தார். ஒரே வகைக் காயத்தோடு வரும் இரண்டு பெண்களில், விசாரணை எந்த ஆண்டில் வருகிறது என்பதைப் பொறுத்து ஒருவர் தங்குகிறார், ஒருவர் திருப்பி அனுப்பப்படுகிறார்.

ஐரோப்பாவில் காற்று வேறு திசையில் வீசுகிறது. 2024 ஜனவரி 16 அன்று, துருக்கிக் குடியுரிமை பெற்ற ஒரு குர்தியப் பெண் பல்கேரியாவில் கேட்ட புகலிடம் குறித்து ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு நாட்டின் பெண்கள் முழுவதுமே ஒரு சமூகக் குழுவாகலாம். அடிப்பவனின் நோக்கத்தில் தொடர்பு தெரியாவிட்டாலும், அரசு பாதுகாப்புத் தராமல் போனதில் அந்தத் தொடர்பு இருந்தால் போதும் என்றது. ஹாஃப்மன் பிரபு சொன்னதன் சாரம் இதுதான். அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று, தாலிபான் ஆட்சிக்கு அஞ்சிப் புகலிடம் கேட்ட இரு ஆப்கானியப் பெண்களின் வழக்கில், அவர்களுடைய நாட்டையும் பாலினத்தையும் தாண்டித் தனிப்பட்ட ஆபத்தை நிரூபிக்கச் சொல்லத் தேவையில்லை என்றும் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவும் இலங்கையும் 1951 உடன்படிக்கையில் சேரவே இல்லை என்பதால், இங்கே அடைக்கலம் தேடும் பெண்ணுக்கு இந்த வாதங்களை முன்வைக்க ஒரு சட்ட மேடையே கிடையாது.

அமெரிக்காவில் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இன்னும் இருக்கின்றன. குவாத்தமாலாப் பெண்கள் என்ற குழுவை வாரியம் எடுத்த எடுப்பில் ஒதுக்கியது தவறு என்று ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் 2010இலேயே சொல்லியிருக்கிறது. சட்டத்துக்கு அரசு முகமைகள் தரும் விளக்கத்துக்கு நீதிமன்றங்கள் தலைவணங்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்திருப்பதால், அகோஸ்டாவின் அந்தப் பழைய வரியை நீதிபதிகள் முன் மறுபடி வைக்க வழக்குரைஞர்களுக்கு இடம் இருக்கிறது. ஆனால் வழக்குக்கு வழக்கு இதைப் போராடிப் பெறுவது, அந்தப் போராட்டத்துக்கு ஆள்பலம் உள்ள சிலரை மட்டுமே காப்பாற்றும். நாடாளுமன்றத்தால் இரண்டு வாக்கியங்களில் இதைச் சரிசெய்ய முடியும்: ஐந்து காரணங்களோடு பாலினத்தை ஆறாவதாகச் சேர்க்க வேண்டும், தீங்குக்கோ பாதுகாப்பின் தோல்விக்கோ, இரண்டில் ஒன்றுக்கு அந்தக் காரணத்தோடு தொடர்பு இருந்தால் போதும் என்று எழுத வேண்டும். அட்டர்னி ஜெனரல் மாறும்போதெல்லாம் மாறாத சட்டம் அப்படித்தான் வரும்.